ஒண்ணுமே பண்ணலைங்க

“ஒண்ணுமே பண்ணலைங்க. தானா இப்படி ஆயிருச்சு.”

கோவையிலும் திருப்பூரிலும் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போனை எடுத்தவுடன் காதில் விழும் முதல் வாக்கியம் அன்றும் இதுதான், இன்றும் இதுதான். விசிட்டிங் கார்டில் என் பேருக்குக் கீழே ‘சீனியர் சப்போர்ட் இன்ஜினியர்’ என்று போட்டிருக்கும். கம்பெனிக்காரர்களுக்கு நான் ‘கம்ப்யூட்டர்காரத் தம்பி’. தலை நரைத்துவிட்டது, இன்னும் தம்பிதான். நூல் மில், பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, ஆடிட்டர் ஆபீஸ், இரண்டு நர்சிங் ஹோம் என்று ஏஎம்சி என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் என் பொறுப்பில் இருக்கும் இடங்கள் பலவகை. எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் தானாகத்தான் கெட்டுப்போகும்.

2001-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பல்லடம் ரோட்டில் ஒரு நூல் மில். சம்பளக் கணக்கு ஃபாக்ஸ்புரோவில் எழுதிய புரோகிராமில், நாவெல் நெட்வேர் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மெஷினையும் ஒரே கோஆக்ஸியல் கேபிள் மாலை கோத்த மாதிரி இணைத்திருக்கும். ஒவ்வொரு மெஷினின் முதுகிலும் டி வடிவத்தில் ஓர் இணைப்பு, கேபிளின் இரண்டு கோடியிலும் 50 ஓம் டெர்மினேட்டர் என்று ஒரு குட்டி மூடி. இந்த அமைப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எங்காவது ஓர் இடத்தில் இணைப்பு விட்டுப்போனால் அந்த மெஷினோடு போகாது, ஆறும் சேர்ந்து படுத்துவிடும்.

அந்த மில்லில் சனிக்கிழமை தோறும் காலையில் நெட்வொர்க் படுத்தது. நான் போய்க் கேட்பேன்: “யாராச்சும் எதையாச்சும் தொட்டீங்களா?” “இல்லைங்களே.” ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி மாட்டுவேன், ஓடும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும். மூன்று வாரம் கழித்து எங்கள் ஆபீஸில் இருந்த மூத்த இன்ஜினியரிடம் புலம்பினேன். அவர் திருநெல்வேலிக்காரர், அதிகம் பேச மாட்டார். “கேக்காதல. போயி உக்காந்து பாரு” என்றார்.

நான்காவது சனிக்கிழமை ஏழு மணிக்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். கூட்டிப் பெருக்குகிற அம்மா வந்தார். மற்ற நாளில் வெறும் விளக்குமாறு, சனிக்கிழமை மட்டும் தண்ணீர் விட்டுத் துடைப்பு. டைம் ஆபீஸ் மேஜையை ஒரு சாண் முன்னால் இழுத்தார், துடைத்தார், திரும்பத் தள்ளினார். மேஜைக்குப் பின்னால் டி இணைப்பிலிருந்து கேபிள் விலகித் தொங்கியது. அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “நா ஒண்ணும் பண்ணல சாமி” என்றார்.

கேபிளைக் கொஞ்சம் தளர்த்தி மேஜைக் காலோடு சேர்த்து ஒரு கயிற்றால் கட்டினேன். மேனேஜரிடம் ‘லூஸ் கனெக்‌ஷன்’ என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் அந்த மில்லில் எனக்குக் கிடைத்த ஒற்றர் அந்த அம்மாதான். கேட்டில் நுழையும்போதே ரகசியமாகச் சொல்வார்: “கண்ணாடிக்காரரு மிசின்ல நேத்து டீயக் கொட்டிப்போட்டாரு சாமி. நாந்தான் தொடச்சேன்.” மேலே போனால் கண்ணாடிக்காரர் சொல்வார்: “கீபோர்டு தானா வேலை செய்யலைங்க.”

எங்கள் தொழிலில் பாதி மொழிபெயர்ப்பு வேலை. ‘நெட் வரல’ என்றால் நெட் வரவில்லை என்று மட்டும் அர்த்தமில்லை. வைஃபை பாஸ்வேர்டு மாறியிருக்கலாம். மெயில் பெட்டி நிறைந்திருக்கலாம். மாதம் 20-ம் தேதியாக இருந்தால் ஜிஎஸ்டி வலைத்தளமே திணறிக்கொண்டிருக்கலாம். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, ஆனாலும் கூப்பிடுவார்கள். ‘பிரிண்டர் எடுக்க மாட்டேங்குது’ என்றால் பத்தில் நான்கு தடவை பேப்பர் இல்லை. ‘சிஸ்டம் ஸ்லோ’ என்பதுதான் மோசம், காய்ச்சல் என்கிற மாதிரி. ‘எல்லாம் போச்சுங்க’ என்றால் டெஸ்க்டாப்பில் இருந்த ஒரு ஃபோல்டரை யாரோ இழுத்து இன்னொரு ஃபோல்டருக்குள் போட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே எல்லாம் போன அன்று எனக்கு வந்த போனில் அந்த வார்த்தையே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கேள்வி கேட்கிற விதத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டேன். ‘என்ன பண்ணீங்க’ என்று ஆரம்பித்தால் அங்கேயே கதவு சாத்தப்பட்டுவிடும். ‘கடைசியா நல்லா ஓடினது எப்பங்க?’ என்று ஆரம்பிக்க வேண்டும். அடுத்து, ‘அதுக்கப்புறம் வெளியாளுங்க யாராச்சும் வந்தாங்களா? ஏசிக்காரர், எலக்ட்ரீஷியன்?’ இது கொஞ்சம் தந்திரமான கேள்வி. பழி போட ஒரு வெளியாள் கிடைத்ததும் எல்லோருக்கும் நாக்கு அவிழ்ந்துவிடும். “ஆமாங்க, ஏசிக்காரர் வந்தாருங்க. அவரு ஏணி போடறதுக்காக நாங்கதான் சர்வரைக் கொஞ்சம் நகர்த்தி…” என்று வந்துவிடும். வந்ததும் அந்த வாக்கியத்தைத் தொடரச் சொல்லக் கூடாது. தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து கேபிளைப் பார்க்க வேண்டும்.

திருப்பூரில் கம்ப்யூட்டருக்கு வருகிற நோய்கள் வேறு ஊருக்கு வராது. பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் பக்கத்தில் இருக்கிற சிபியூவின் பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே போர்டு தெரியாது. பிராசஸர் மேலே இருக்கிற ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சுத் துகள் அடைந்து மெத்தை மாதிரி இருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் விசிறியின் வடிவத்திலேயே வட்டமாக உரிந்து வரும். அது சூட்டில் நின்றுபோவதை ‘வைரஸ்’ என்று சொல்லி ஃபார்மட் போட்டுக் காசு வாங்கிப்போன ஆட்களை எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயர் அடித்தால் போதும்.

சாயப்பட்டறையில் வேறு மாதிரி. அங்கே காற்றில் இருக்கிற ஈரமும் கெமிக்கல் ஆவியும் ரேம் பட்டையின் தங்க முனையைக் கறுக்க வைத்துவிடும். மெஷின் போட்டால் திரை வராது, பீப் பீப் என்று அடிக்கும். ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் அந்த முனையை மெதுவாக ஒரே பக்கமாகத் தேய்த்து, ஊதி, மாட்ட வேண்டும். என் பையில் லேப்டாப் இல்லாத காலத்திலும் ரப்பர் இருந்தது. முதல் தடவை பார்க்கிற வாடிக்கையாளருக்கு நம்பிக்கையே போய்விடும், இதற்கா ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம் என்று.

கரன்ட் கதை தனி. ஓர் ஆபீஸில் வாரம் ஒரு மெஷின் என்று எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை போய்க்கொண்டே இருந்தது. “கேபினெட்டைத் தொட்டா லேசா சுள்ளுனு இழுக்குதுங்க, பழகிருச்சு” என்றார்கள். மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பார்த்தேன். 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 27 காட்டியது. கட்டடத்துக்குப் பின்னால் எர்த் குழி. உப்பும் கரியும் போட்டு மூடியது, சித்திரை வெயிலில் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. குழாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அரை மணி நேரத்தில் மீட்டர் முள் இறங்கிவிட்டது. அன்றைய சர்வீஸ் ரிப்போர்ட்டில் ‘ஆக்‌ஷன் டேக்கன்’ என்ற இடத்தில் ‘தண்ணீர் ஊற்றப்பட்டது’ என்று எழுதினேன். ஆபீஸில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

2012-ல் சிரிக்க முடியவில்லை. அந்த வருடம் கோவை, திருப்பூர் பக்கம் ஒரு நாளில் பாதி நேரம்கூடக் கரன்ட் இல்லாத நாட்கள் உண்டு. வருகிற கரன்டும் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். யூபிஎஸ் பேட்டரி முழுசாக ஏற எட்டு மணி நேரமாவது வேண்டும். அது கிடைக்கவே இல்லை. புது பேட்டரியெல்லாம் ஏழெட்டு மாதத்தில் வீங்கி நின்றது. ஜெனரேட்டருக்கு மாறுகிற அந்தச் சில நொடியில் யூபிஎஸ் தாங்காமல் சர்வர் அணைந்துவிடும். கணக்கு எழுதுகிற டேலியில் யாராவது என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போது சர்வர் அணைந்தால் டேட்டா உடையும். கன்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டேலி தன் டேட்டாவைத் திருப்பி எழுதிச் சரி செய்யப் பார்க்கும். பல தடவை பிழைக்கும். சில தடவை பிழைக்காது.

நான் பார்க்கிற பனியன் கம்பெனிகளில் ஒன்றில் அப்படிப் பிழைக்கவில்லை. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். தினமும் இரவு எட்டு மணிக்குத் தானாகவே பிரதி எடுக்கிற மாதிரி நான்தான் ஒரு பேட்ச் ஃபைல் எழுதி வைத்திருந்தேன். அது தினமும் எட்டு மணிக்கு ஓடித்தான் இருந்தது. போய்ச் சேருகிற டிஸ்க் நிறைந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. நிறைந்தால் அது யாரிடமும் சொல்லாது, சொல்லும்படி நான் எழுதவில்லை. அந்தப் பதினேழு நாள் வவுச்சரையும் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்கா ஒருத்தரே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, கரன்ட் இருந்த நேரத்தில் எல்லாம், மறுபடியும் போட்டார். என்னைத் திட்டவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. நானும் டிஸ்க் நிறைந்த கதையைச் சொல்லவில்லை. ‘கரன்ட் பிரச்சினைங்க்கா’ என்றேன். அதுவும் பொய் இல்லையே.

அதே கம்பெனிதான் இனிமேல் வரப்போகிற கதைக்கும் இடம்.

2017 மே 12 வெள்ளிக்கிழமை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற வானாக்ரை வந்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே நின்றுபோயின என்று டிவியில் ஓடியது. அது நுழைகிற ஓட்டையை அடைக்கிற விண்டோஸ் பேட்ச் மார்ச் 14-ம் தேதியே வந்துவிட்டது. நாங்கள் எத்தனை இடத்தில் போட்டிருந்தோம் என்று கேட்காதீர்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு நிறுத்தி மூன்று வருடம் ஆகியும் அந்த வாரம் அதற்கும் மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது என்றால் பயம் எந்த அளவுக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பைக்கிலேயே கிடந்தோம். அந்த வேகத்தில் எல்லா கம்பெனியிலும் பென் டிரைவ் போட முடியாதபடி யூஎஸ்பியையும் பூட்டினேன். வானாக்ரை பென் டிரைவில் வந்ததல்ல, நெட்வொர்க் வழியாகப் பரவியது. ஆனால் ஊரில் திருட்டு என்றால் பின்கதவு, ஜன்னல், கோழிக்கூண்டு வரைக்கும் பூட்டுவோம் இல்லையா, அப்படித்தான்.

பனியன் கம்பெனியில் ஒரே ஒரு மெஷினை மட்டும் விட்டு வைத்தேன். அக்கவுண்ட்ஸ் அக்காவின் மெஷின். ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வரப்போகிறது, அவர் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருக வேண்டும், பூட்டினால் அதுவும் மக்கர் பண்ணியது. “டோக்கன் தவிர வேற எதையும் போடக் கூடாதுங்க்கா. பென் டிரைவ் போட்டா அப்புறம் நான் பொறுப்பில்லை” என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் முதலாளி கூப்பிட்டார். வீட்டிலிருந்தே டேலியைப் பார்க்க வேண்டும், மகன் பெங்களூருவிலிருந்து பார்க்க வேண்டும். விபிஎன் போட்டுக்கொள்ளலாம், அதற்கு இந்த ரவுட்டர் போதாது, வேறு வாங்க வேண்டும் என்று விலை சொன்னேன். “அதெல்லாம் எதுக்குங்க தம்பி? பக்கத்து கம்பெனியில ஒருத்தர் அஞ்சு நிமிசத்துல பண்ணிக் குடுத்தாராம். நீங்க சீனியரு” என்றார். அந்த ‘சீனியரு’தான் என்னைக் கவிழ்த்தது. ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வழி திறந்துவிட்டேன். வழக்கமான போர்ட் எண் 3389-க்குப் பதிலாக வேறு ஓர் எண்ணைப் போட்டு, ஒளித்து வைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2013-லேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதிய ஒரு கருவி, மொத்த இன்டர்நெட்டின் முகவரிகளையும் முக்கால் மணி நேரத்தில் ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிடும். எண்ணை மாற்றி ஒளித்து வைப்பது, சாவியை மிதியடிக்குக் கீழே வைக்கிற மாதிரி. பாஸ்வேர்டு? கம்பெனி பேரும் ஒண்ணு ரெண்டு மூணும். அது அவர்கள் வைத்தது. மாற்றச் சொல்லியிருக்க வேண்டியது நான்.

2019-ல் ஆயுத பூஜை அக்டோபர் 7, திங்கள்கிழமை. ஞாயிறு, திங்கள், விஜயதசமி என்று மூன்று நாள் லீவு. புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அக்கா போனில் வந்தார். “தம்பி, டேலி ஐகான் எல்லாம் வெள்ளையா இருக்குது. தொறக்க மாட்டேங்குது. ஒண்ணுமே பண்ணலைங்க, இப்பத்தான் போட்டேன்.”

வெள்ளையா என்ற வார்த்தையில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. “மெயின் சுவிட்ச்சுல இருந்து நெட்வொர்க் ஒயரை எல்லாம் உருவுங்க. மெஷினை ஆஃப் பண்ண வேண்டாம். வந்துட்டேன்” என்றேன்.

போனால் சர்வர் கேபினெட்டில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், தலையில் வாடிய சாமந்தி மாலை. பக்கத்தில் ஒரு தட்டில் பொரியும் கடலையும். திரையில் ஒவ்வொரு கோப்பின் பேருக்குப் பின்னாலும் யாருடையதோ ஒரு மின்னஞ்சல் முகவரி வாலாக ஒட்டிக்கொண்டிருந்தது. டேலி டேட்டா, காஸ்டிங் ஷீட், பையர் அனுப்பிய அளவு அட்டவணைகள் எல்லாவற்றிலும். டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் கோப்பு: இந்த முகவரிக்கு எழுது, பிட்காயினில் கட்டு. தினசரி பேக்கப் போகிற வெளி ஹார்டு டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே செருகித்தான் இருந்தது. அதிலும் வால். நெட்வொர்க்கில் இருந்த இன்னொரு பெட்டியிலும் வால். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கிற நிழல் பிரதிகளை முதல் வேலையாக அழித்திருந்தார்கள். 2012-க்குப் பிறகு டிஸ்க் நிறைந்தால் எனக்கு மெயில் வருகிற மாதிரி செய்திருந்தேன். டிஸ்க் நிறையவே இல்லை.

ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். 4625 என்பது தோற்றுப்போன லாகினுக்கு விண்டோஸ் கொடுக்கிற எண். பக்கம் பக்கமாக 4625. அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், டேலி, யூசர்1 என்று பெயரை மாற்றி மாற்றி, நொடிக்கு ஒன்றிரண்டாக, பதினொரு நாள் தட்டியிருக்கிறார்கள். ஆயுத பூஜையும் முடிந்து, திங்கள்கிழமை ராத்திரி 1.47-க்கு ஒரே ஒரு 4624. திறந்துகொண்டது. நான் திறந்துவிட்ட வழியில்தான்.

வெளியே ஹாலில் முதலாளி கத்திக்கொண்டிருந்தார். “எவன் என்னத்தை டவுன்லோட் பண்ணித் தொலைச்சீங்க? சொல்லிப்போடுங்க!” மெர்ச்சண்டைசிங்கில் இருந்த ஒரு பையன் லீவுக்கு முந்தின நாள் படம் இறக்கினான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவனை நடுவில் நிறுத்தி விசாரணை. “ஒண்ணுமே பண்ணலைங்க சார்” என்கிறான், குரல் உடைகிறது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். கையில் மவுஸ், திரையில் அந்த 1.47. நாற்பது நிமிடம் இருக்கும். லாக் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்க அதில் புதிதாக ஒன்றுமில்லை. என் வாயிலும் அதே வாக்கியம்தான் உருண்டுகொண்டிருந்தது. வைரஸ் என்று சொல்லிவிடலாம். உலகம் பூராவும் நடக்கிறது என்று சொல்லிவிடலாம். அதுவும் பொய் இல்லையே.

எழுந்து போய்ச் சொல்ல வைத்தது என் நேர்மை என்று எழுத ஆசைதான். அந்தப் பையன் அழ ஆரம்பித்துவிட்டான், அதுதான் காரணம். “சார், அவன் இல்லைங்க. வீட்ல இருந்து பார்க்கறதுக்கு நான் ஒரு வழி திறந்து விட்டேன் பாருங்க, அது வழியா வந்திருக்கானுங்க. திறந்தது நான்தான்.”

பத்து நிமிடம் திட்டினார். எல்லோர் முன்னாலும். வாங்கிக்கொண்டேன். பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்து, “எவ்வளவு கேக்கறான்?” என்றார். கட்டினாலும் தருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றேன். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி, மாதக் கடைசிக்குள் டாக்ஸ் ஆடிட், அதற்கு முன் தீபாவளி போனஸ். எல்லாக் கணக்கும் அந்தப் பெட்டிக்குள். அவர் பணத்தை எண்ணுவதற்கு மனசளவில் தயாராகிவிட்டார் என்பது தெரிந்தது.

டீ வந்தது. நான் டீயை எடுத்துக்கொண்டு பின்னால் டைனிங் பக்கம் போனேன். அக்கா சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றார்.

“தம்பி, திட்டக் கூடாது.”

“சொல்லுங்க்கா.”

“நீங்க போடக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் போட்டுட்டேன்.” பையில் கையை விட்டு, டிபன் கேரியருக்கு அடியிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடத்தை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு துணியில் சுற்றிய பென் டிரைவ். “சனிக்கிழம சனிக்கிழம டேலிய எடுத்துட்டுப் போயி வீட்டு பீரோவுல வெச்சிருவேன். கரன்ட் இல்லாத வருசம் அத்தனையும் திருப்பிப் போட்டேன் பாருங்க, அதுல இருந்து. போன சனிக்கிழமையும் எடுத்தேன். இதுலதான் வைரஸ் வந்துருச்சோன்னு காலையில இருந்து வயித்தக் கலக்குது. நீங்க சொன்னப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு.”

அப்படியே திரும்பி, சர்வர் ரூமைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். “செருகாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் சமையல்கார அம்மா எட்டிப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் எந்த மெஷினும் நம்புகிற நிலையில் இல்லை.

என் லேப்டாப்பை லினக்ஸில் கிளப்பி, முதலில் பென் டிரைவை முழுசாக ஒரு பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி. மூலத்தைத் துணியில் சுற்றிச் சம்புடத்தில் போட்டு அக்காவிடமே கொடுத்தேன். புது ஹார்டு டிஸ்க் வாங்கிவர ஆள் போனான். பழைய டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி, தேதி எழுதி ஒட்டி எடுத்து வைத்தேன். என்றைக்காவது அந்தப் பூட்டுக்குச் சாவி வெளிவரலாம். அந்த டிஸ்க்குக்கு இன்றுவரை வரவில்லை. விண்டோஸ் ஏற்றி, டேலி ஏற்றி, லைசென்ஸை உயிர்ப்பித்து, ரீஸ்டோர் கொடுக்கும்போது சாயங்காலம் ஆறரை.

கம்பெனி பேர் பட்டியலில் வந்தது. அது போதாது, வருவது எல்லாம் சரியாக இருப்பதாகிவிடாது. அக்கா மேஜை டிராயரிலிருந்து ஒரு நீண்ட நோட்டை எடுத்தார். கம்ப்யூட்டர் வந்து இத்தனை வருடம் ஆகியும் தினசரி ரொக்க இருப்பைக் கையால் எழுதுகிற பழக்கத்தை அவர் விடவில்லை. சனிக்கிழமை பகல் வரைக்கும் கூட்டி ஒரு கோடு போட்டிருந்தார். “நீங்க படிங்க தம்பி” என்றார். நான் திரையிலிருந்து படித்தேன். அவர் நோட்டில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். கடைசிப் பைசா வரைக்கும் சேர்ந்தது. அதற்கு மேல் சனிக்கிழமை மாலை வந்த பதினொரு பில் மட்டும் இல்லை. அதை அவர் இருபது நிமிடத்தில் போட்டுவிட்டார். காஸ்டிங் ஷீட்டும் பையர் கோப்புகளும் போனது போனதுதான். மெயிலில் கிடந்ததை வைத்து அந்தப் பையன் ஒரு மாதம் தேற்றினான்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன்: ரவுட்டரில் ரிமோட் வழி திறந்திருந்தது, திறந்தவர் சர்வீஸ் இன்ஜினியர். எங்கள் ஆபீஸில் அதைப் படித்தவருக்குக் கோபம். “எழுத்துல எதுக்குப்பா குடுக்கற? நாளைக்கு நஷ்ட ஈடு கேட்டா?” என்றார். கோப்பில் போனது வேறு தாள், அதில் ‘வைரஸ் தாக்குதல்’ என்றிருந்தது. 2022-லிருந்து இந்த மாதிரி நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. விதியைக் காட்டிச் சொல்வதற்காவது இப்போது ஒரு பிடி இருக்கிறது. வாடிக்கையாளர் நஷ்ட ஈடு கேட்கவில்லை. ஏஎம்சி புதுப்பிக்கும்போது பத்து பர்சென்ட் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான். விபிஎன் ரவுட்டரை விலை கேட்காமல் வாங்கினார்.

அந்த வாரமே இன்னும் பதினான்கு கம்பெனிகளில் நானே திறந்துவிட்டிருந்த வழிகளைப் போய்ப் போய் மூடினேன். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணம் சொன்னேன். ஒருவர் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார். நியாயம்தான்.

அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. ஆட்கள் சிபியூவைப் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, “எனி டெஸ்க் நம்பர் சொல்லுங்க்கா… ஒண்ணொண்ணா சொல்லுங்க” என்பதே என் வேலையாக இருந்தது. தூரத்திலிருந்து திரையைப் பார்க்கலாம், பஞ்சு அடைத்த விசிறியைப் பார்க்க முடியாது. 2024 ஜூலை 19-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டில் உலகம் பூராவும் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றபோதும், பெரும்பாலான மெஷினுக்கு ஓர் ஆள் நேரில் போய் சேஃப் மோடில் கிளப்பி ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் ஏணி போட்டு ஏறிக்கொண்டிருந்த அந்தப் பையன்களை நினைத்துக்கொண்டேன். என் வாடிக்கையாளர் யாரிடமும் அந்த மென்பொருள் இல்லை, வாங்குகிற விலையிலும் இல்லை.

ஊரடங்கு வந்த அந்த 2020-ல் ஆயுத பூஜை அக்டோபர் 25. பனியன் கம்பெனியில் பாதி ஆட்கள்தான், முகக்கவசத்தோடு பூஜை. லீவுக்கு முன்னால் சர்வரை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போயிருந்தேன். இப்போது பேக்கப் மூன்று இடத்துக்குப் போகிறது. ஒன்று கழற்றி பீரோவில் வைக்கிற டிஸ்க். மாதம் ஒருமுறை அதிலிருந்து ரீஸ்டோர் செய்து, அக்காவின் நோட்டோடு ஒத்துப் பார்ப்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் சனிக்கிழமை பென் டிரைவை அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. அவருடைய மெஷினில் அதற்கு முறையாக அனுமதி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பூஜை முடிந்து அரை மணி நேரத்தில் அக்கா வந்தார். “தம்பி, பென் டிரைவு எடுக்க மாட்டேங்குது.”

“என்ன ஆச்சுங்க்கா?”

“ஒண்ணுமே பண்ணலைங்க.”

வாங்கிப் பார்த்தேன். தட்டில் வைத்துப் பூஜை போட்டிருக்கிறார். மேலே ஒரு கடுகளவு குங்குமம், அழகாகத்தான் இருந்தது. சந்தனம் மட்டும் கொஞ்சம் தாராளமாகிச் செருகுகிற முனைக்குள்ளேயே இறங்கி, காய்ந்து பிடித்திருந்தது. பையைத் துழாவி ரப்பரை எடுத்தேன், அது அந்த இடுக்குக்குள் போகாது. பல் குத்தும் குச்சி ஒன்று கேட்டேன். முனையில் சுற்றக் கொஞ்சம் பஞ்சு வேண்டும் என்றேன். அந்த ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? அக்கா கட்டிங் செக்‌ஷனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.